கைவிடப்பட்டது என்று எழுதிவிட்டார்கள்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இந்தத் தாளை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பு வரைக்கும் சுகம். என் முட்டிவலி என்னை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது, அப்பாவுக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாப்பிள்ளையின் முதுகு எப்படி இருக்கிறது, அந்த நாற்காலியைத் தூக்கிப் போடச் சொன்னேனே, போட்டாரா. போன தடவை பேசும்போது உன் குரல் கட்டியிருந்தது. ஜலதோஷம் என்றாய், நானும் நம்பியது மாதிரி இருந்துவிட்டேன். பெற்றவளுக்கு ஜலதோஷத்துக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாதா என்ன. எதுவானாலும் வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

அன்றைக்கு நீ அப்பாவிடம் பேசினாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னைக் கோபித்துக்கொள்வதற்கு அல்ல, உன் இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன், நாலு வார்த்தை கூடவே வந்திருக்கும். அப்பா போனை எப்போதும் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தானே பிடிப்பார், நீ சொன்னது அத்தனையும் அடுக்களையில் இருந்த எனக்குக் கேட்டது. தம்பி ஒக்காந்து வேலை செஞ்ச கடை, அதைக் காப்பாத்த ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு, எதிராளி கையில நீங்களே சாவியைக் குடுத்துட்டு வந்துட்டீங்களே என்று கேட்டாய். அவர் சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ வைத்துவிட்டாய் என்பதுகூடத் தெரியாமல் இன்னும் இரண்டு சரிம்மா சொன்னார். கோர்ட்டில் நடந்தது உனக்கு வக்கீல் சொல்லித்தான் தெரியும். அவள் உன்னோடு படித்த பெண், கெட்டிக்காரி, அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்குக் கேஸைத் தெரியும், உன் அப்பாவைத் தெரியாது. நான் அங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அதனால் நான் பார்த்ததை நான் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

நகராட்சி புதுத் திட்டம் போட்டு, ஊர் வரைபடத்தில் நம் தெருவுக்கு மஞ்சள் அடித்தபோது நாம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் என்றால் குடியிருப்பு, இனிமேல் அந்தத் தெருவில் புதிதாகக் கடையோ பட்டறையோ வரக்கூடாது. பழைய கடைகள் இருந்தபடி இருக்கலாம், ஆனால் விடாமல் நடக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்தால் அந்த உரிமை போய்விடும். போகக்கூடாது என்றால், திரும்பத் திறக்கும் எண்ணம் இருந்துகொண்டேதான் இருந்தது என்று உரிமையாளர் சொல்லிக் காட்ட வேண்டும். இதுதான் விதி. உன் தம்பிகூட அதைப் படித்துவிட்டு, நம்ம கடையை மூடணும்னா மொதல்ல அப்பாவைக் கட்டிப் போடணும் என்று சிரித்தான். உண்மைதானே. வீட்டின் முன்பாதி கடை, பின்பாதி வீடு, நடுவில் ஒரு கதவு, அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. எரிந்துபோன மோட்டாரை அப்பாவும் தம்பியுமாகப் பிரித்துப் போட்டு, கருகின கம்பியை வெட்டி இழுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுருளாகக் கட்டி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பார்கள். நாம் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் அந்த வார்னிஷ் வாடையோடுதான் உள்ளே போயிற்று. சுற்று எண்ணும்போது யாராவது பேச வந்தால் அப்பா கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டுவார், ஞாபகம் இருக்கிறதா. வீடே பற்றி எரிந்தாலும் அந்தக் கை இறங்கின பிறகுதான் சொல்ல வேண்டும். நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விழுந்து அடிபட்டு வந்து, முட்டியில் ரத்தம் வழிய வழிய, அந்தக் கை இறங்கட்டும் என்று நின்றவள்தானே.

அப்புறம் தம்பிக்கு உடம்புக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று அப்பா ஷட்டரை இறக்கினார். பெஞ்சு மேல் பாதி பிரித்த மோட்டார் அப்படியே கிடந்தது, வந்து பாத்துக்கலாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்து இருந்தோம். ரத்தம் மாற்றினார்கள், மருந்து மாற்றினார்கள், டாக்டரையே மாற்றிப் பார்த்தோம். நீ இரண்டு தடவை வந்தாய், மூன்றாவது தடவை வந்தபோது அவன் இல்லை. வீடு திரும்பின பிறகும் ஷட்டர் ஏறவில்லை. அப்பா நடுக்கதவைச் சாத்திவிட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை. வாடிக்கைக்காரர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷமும் அதற்கு மேலும் அப்படியே போயிற்று. நகராட்சி ஆட்கள் தெருவைக் கணக்கெடுக்க வந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஷட்டர் துருவேறிக் கிடந்ததையும் கடை மீட்டர் ஓடாமல் நின்றதையும் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கடையைத் திரும்பத் திறந்தது அப்பா இல்லை, நான். இது உனக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் அந்த வீட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. நடுக்கதவைத் திறந்துகொண்டு போய் ஷட்டரை நானே தூக்கினேன், அது பாதிவரைதான் வந்தது, நானும் பாதி குனிந்துகொண்டே தூசி தட்டினேன். எதிர்வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு, தொறந்துட்டீங்களா என்று கேட்டபடி எரிந்துபோன ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் யோசிக்கவே இல்லை, வெச்சிட்டுப் போங்க, சாயங்காலம் ஆயிடும் என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய்ச் சொன்னால், யாரைக் கேட்டு வாங்கினே என்றார் அப்பா. யாரையும் கேக்கலை, நீங்க வரலைன்னா நானே பிரிச்சுப் பாக்கறேன் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். நான் ஃபேனைப் பிரித்தால் தெருவுக்கே கரண்ட் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எழுந்து வந்தார். அன்றிலிருந்து கடை நடந்தது, மனுஷனும் நடமாடினார். பிறகு அந்தக் கணக்கெடுப்பை வைத்து, உரிமை போய்விட்டது, கடையை மூடு என்று நகராட்சி நோட்டீஸ் வந்தது, நாம் கோர்ட்டுக்குப் போனோம். ஆனால் கேஸில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உரிமம் அப்பா பெயரில் இருக்கு, அதனால அவர் எண்ணம்தான் கணக்கு என்று வக்கீல் சொல்லிவிட்டாள். எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது, அதை வைக்க அவர்கள் சட்டத்தில் இடம் இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தையை நினைத்துப் பார். புருஷன் போன மூன்றாம் நாளே அவள் மெஷினை மிதித்தாள், தெருவே அவளைப் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. இன்றைக்கு அவள் கடைக்கு ஓர் ஆபத்தும் இல்லை, ஏனென்றால் அவள் ஒரு வாரம்கூட மூடவில்லை. துக்கத்தை மூலையில் வைத்துவிட்டு வேலை பார்த்தவளுக்குச் சட்டம் துணை, துக்கத்தில் விழுந்து கிடந்தவருக்கு நோட்டீஸ். தீர்ப்பு வந்த அன்று அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் தொறந்தது பிள்ளைங்க பசிக்குத்தான் அக்கா, வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது என்று அழுதாள், என்னவோ அவள்தான் நம் கடையை மூடினாள் என்பது மாதிரி. ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு நான் ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

கேஸுக்கு முந்தின வாரம் வக்கீல் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள். அங்கிள், பையன் ஆஸ்பத்திரில இருந்தப்ப திரும்பத் தொறக்கற எண்ணம் இருந்துச்சான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லுங்க, அவன் போன பிறகும் இருந்துச்சான்னு கேப்பாங்க, அதுக்கும் ஆமான்னு சொல்லுங்க, அவ்வளவுதான் என்றாள். அப்பா தலையை ஆட்டினார். அது சம்மதம் என்ற தலையாட்டல் இல்லை, காதில் விழுந்தது என்ற தலையாட்டல், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தின எனக்கே அன்றைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோர்ட் என்றால் பெரிய மண்டபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். மேலே ஒரு ஃபேன் கடகடவென்று ஓடியது, அதுக்கு பேரிங் போயிடுச்சு என்று நுழைந்ததும் அப்பா என் காதில் சொன்னார். நகராட்சி வக்கீல் கெட்டவர் இல்லை. தண்ணி வேணுமா ஐயா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். மகன் ஆஸ்பத்திரில இருந்தப்ப கடையைத் தொறக்கற எண்ணம் இருந்துச்சா என்றார். இருந்துச்சுங்க, அவன் எழுந்து வந்ததும் ரெண்டு பேருமா தொறக்கலாம்னுதான் இருந்தோம் என்று அப்பா உடனே சொன்னார். நம் வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. மகன் இறந்த பிறகு, அந்த மாசங்கள்ல, தொறக்கணும்னு நெனச்சீங்களா என்றார். அப்பா கையைத் தூக்கினார், உள்ளங்கை நீதிபதியைப் பார்த்தபடி. சத்தியம் பண்ணுகிறார் என்று சிலர் நினைத்திருப்பார்கள். தண்ணீர் கேட்கிறார் என்று கோர்ட் சேவகர் ஓடிப்போய் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். உடம்பு ஏதாவது சரியில்லையா என்று நீதிபதி கேட்டார். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார், யாரும் பேசக்கூடாது என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என்னையும் அறியாமல் உஸ் என்று சொல்லிவிட்டேன், நீதிபதி என்னை ஒரு பார்வை பார்த்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் கை இறங்கியது. இல்லைங்க, நெனைக்கலை என்றார். ஒரு தடவைகூடவா ஐயா என்று நகராட்சி வக்கீல் மெதுவாகக் கேட்டார், தப்பித்துக்கொள்ள வழி விடுகிறவர் மாதிரி. ஒரு தடவைகூட இல்லைங்க என்றார் உன் அப்பா. நகராட்சி வக்கீல் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு பக்கம் பக்கமாக இருந்தது, எனக்கு அதில் ஒரே வரிதான் புரிந்தது. மேற்படி உபயோகம் உரிமையாளரால் கைவிடப்பட்டது. டாக்டர்கள் கைவிட்ட பிறகும் அந்தப் பிள்ளையின் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தவர் அவர். கால் சில்லிட்டுப் போன பிறகும் தேய்த்தார், போதும் ஐயா என்று நர்ஸ் வந்து கையைப் பிடித்து எடுத்தாள். அந்த மனுஷனைப் போய்க் கைவிட்டவர் என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். சட்டத்துல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் ஆன்ட்டி, அது கடையைப் பத்தினது, ஆளைப் பத்தினது இல்ல என்று வக்கீல் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். இருக்கலாம். எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

அடுத்து நகராட்சி அதிகாரி டேப்போடு வந்தார். ஷட்டரை எடுத்துவிட்டுச் சுவர் கட்டி ஜன்னல் வைக்க வேண்டும், உள்ளே மெஷின் எதுவும் இருக்கக்கூடாது, அந்த இடம் இனி வசிக்க மட்டும்தான் என்றார். எல்லாவற்றையும் அளந்து எழுதி முடித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, ஐயா, நம்ம வீட்டு பம்பு மோட்டார் ஒண்ணு உங்ககிட்ட குடுத்திருந்தேனே, ஆயிடுச்சா என்று கேட்டார். அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வார்னிஷ் இன்னும் காயலை, நாளைக்கு வாங்க என்றார். நான் வாயைத் திறந்தால் இன்னொரு கேஸ் ஆகிவிடும் என்று உள்ளே போய்விட்டேன். இப்போது மெஷின்களை எல்லாம் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொத்தனார் பாதிச் சுவர் எழுப்பிவிட்டார். ரூம் நல்லா பெரிசா வருது, யாருக்கும்மா இது என்று போகிறபோக்கில் கேட்டார். அங்கே வாழ வேண்டும் என்று உத்தரவு போட்டவர்கள் வாழ்வதற்கு ஆளையும் கொடுத்திருக்கலாம்.

மேல்முறையீட்டுக்கு நீ அனுப்பி வைத்த தாள் வந்து சேர்ந்தது. மகன் இறந்த துக்கத்தில் மனம் குழம்பித் தவறாகச் சொல்லிவிட்டேன், உண்மையில் திறக்கும் எண்ணம் இருந்தது என்று அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் கேஸ் திரும்ப உயிர் பெறும் என்று வக்கீல் சொன்னாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். போட்டுடறேன், என் பொண்ணு இவ்வளவு சொல்றா, அவளுக்காகப் போட்டுடறேன் என்றார். பேனாவைத் தேடினார். எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது, அன்னிக்குக் கோர்ட்டுல கையைத் தூக்கினீங்களே, என்னத்தைங்க எண்ணினீங்க என்று கேட்டேன். எண்ணலை, அந்த மாசங்களுக்குள்ள ஒவ்வொரு நாளாப் போய்ப் பாத்தேன், எங்கயாவது கடை நெனப்பு வந்திருக்கான்னு தேடினேன், ஒரு நாள் கெடைச்சிருந்தாலும் ஆமான்னு சொல்லியிருப்பேன், கெடைக்கலை, எல்லா நாள்லயும் அவன்தான் இருந்தான் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆமான்னு சொல்லியிருந்தா, புள்ள போன நேரத்துல அப்பன் வியாபாரத்தை நெனச்சுக்கிட்டு இருந்தான்னு கோர்ட்டுல எழுதி வெச்சிருப்பாங்க, அவனுக்காக நான் கெடந்த கெடைக்குச் சாட்சியா இருக்கப் போறது அந்தக் காகிதம் ஒண்ணுதான், அதுல நான் அதை எழுதவிட மாட்டேன் என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் பேனாவைத் தேடினார், உனக்காக. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணு தெரியற நேரத்துல போடுங்க என்று சொல்லி நான் அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

கடை எனக்கும் வேண்டும். உன்னைவிட எனக்குத்தான் வேண்டும், நீ அதைத் தாண்டிப் போய் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டாய், நான் நாள் முழுக்க அந்த நடுக்கதவைப் பார்த்துக்கொண்டு சமைக்கிறவள். ஆனாலும் மறுநாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து தாளைக் கேட்டபோது, அது இனிமே வேணாம், நேத்து சாயங்காலம் நீங்க வெளியில போயிருந்தப்ப உங்க பொண்ணு கூப்பிட்டா, அப்பா சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், கையெழுத்து போட வேணாம்னு சொல்லிட்டா என்று சொல்லிவிட்டேன். நீ கூப்பிடவே இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இந்த வீட்டில் பொய் சொல்ல ஓர் ஆள் போதும், அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன். அவர், அவளா சொன்னா என்றார். அவதான் சொன்னா என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாத மனுஷன், தீர்ப்பு அன்று அழாத மனுஷன், தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, என் பொண்ணுக்குப் புரிஞ்சிருக்கு பாரு என்றார்.

இந்தக் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன், உன் கைக்கு வரும்போது மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருக்கும். தெரிந்துதான் போடுகிறேன். போனில் சொன்னால் நீ வாதாடுவாய், நீ வாதாடினால் நான் உன் பக்கம் சாய்ந்துவிடுவேன். யோசிச்சு சொல்றோம் என்று வக்கீலிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவளைத் திட்டாதே. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்வரை போன் என் கையை விட்டு இறங்காது, நீ கூப்பிட்டாலும் நான்தான் எடுப்பேன், அப்பா தூங்குகிறார் என்பேன். என் மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், மிச்சம் இருக்கிற பிள்ளையின் கோபத்தையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் நீ சொன்னதாக நான் சொன்ன வார்த்தையைப் பொய்யாக்கிவிடாதே. அவருக்கு இப்போது கையில் இருப்பது அது ஒன்றுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளாதே. மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அவர் என்ன பண்ணினார் பாவம். நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக நிறைந்து வாழ வேண்டும், அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு. அன்றைக்குப் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் உனக்கு நன்றி சொல்வார். மறுக்காமல் வாங்கிக்கொள், கண்ணு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா